பின் பிரேக்கைக் கூட்டிவிடாதீர்கள்: வன்னியின் கராஜ் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கு,

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும், உள்ளே மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்புப் பக்கமும் கராஜ் வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வாடகை வான் ஓட்டுகிறவன். என் பிழையில் இருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மழை இரவு. ஆட்களை வவுனியாவில் இறக்கிவிட்டு வெறும் வானோடு வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டி முறிகண்டிக்கு இன்னும் கொஞ்சத் தூரம். வீதியின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. பிரேக்கை மிதித்தேன். வானின் பின்பக்கம் அப்படியே வழுக்கி, பக்கவாட்டாக வந்து என்னையே முந்தியது. வான் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி வீதியோரத்தில் போய் நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இந்த மடல் இல்லை.

காரணம் அடுத்த நாள்தான் தெரிந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு கராஜுக்குப் போய், "பாரம் ஏத்தினா பின் பிரேக் காணாது, கூட்டி விடு தம்பி" என்று கேட்டிருந்தேன். பின் அச்சில் இருந்து மேலே ஒரு வால்வுக்குப் போகும் சின்ன லீவரை அந்தப் பொடியன் மேலே இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டான். நான் கேட்டதைத்தான் செய்தான். அந்த லீவர் எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஓடுகிறவனின் காலைப் பிடித்தால் அவன் தலை முன்னுக்குப் போகும். வாகனமும் அப்படித்தான். பிரேக்கின் பிடி ரயர் தொடுகிற தரையில். பாரமோ அதற்கு மேலே, உயரத்தில். பிடித்த உடனே பாரம் முன் சில்லுகளில் போய் அழுத்துகிறது, பின் சில்லுகள் இலேசாகின்றன. 1000 கிலோ காரை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது முன்னுக்கு 600 கிலோ, பின்னுக்கு 400 கிலோ என்று வைப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீற்றர், பாரத்தின் மையம் தரையிலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரம். காய்ந்த தார் வீதியில் இறுக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 175 கிலோ பின்னிலிருந்து முன்னுக்கு மாறும். அப்போது முன்னுக்கு 775, பின்னுக்கு வெறும் 225. பாரம் இருக்கிற சில்லுக்குத்தான் வீதியில் பிடி இருக்கும். ஆக, நிறுத்துகிற வேலையில் நாலில் மூன்று பங்கு முன் சில்லுகளுடையது.

அதனால்தான் முன்னுக்கு டிஸ்க், அதாவது சில்லோடு சுழலும் தட்டை இரு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற பிரேக். தட்டு வெளியே காற்றில் சுழல்கிறது, சூடு பறக்கிறது, மழைத் தண்ணீரையும் சுழற்றி எறிகிறது. பின்னுக்கும் டிஸ்க் உள்ள கார்களைப் பாருங்கள்: அவற்றிலும் பெரும்பாலும் முன் தட்டுத்தான் பெரியது, நடுவில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட தடித்த தட்டு. பின்னுக்கு வேலையும் சூடும் குறைவு, அதனால் ட்ரம் (மூடிய உருளைக்குள் ஷூ என்கிற வளைந்த கட்டைகள் விரிந்து உராய்கிற பிரேக்) போதும். விலையும் குறைவு, ஹான்ட் பிரேக்கையும் அதற்குள்ளேயே சுலபமாக வைக்கலாம். அது குறைந்த சாமான் என்று நினைக்க வேண்டாம். ட்ரம் சுழலும்போது ஒரு பக்கத்து ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும். சின்ன அழுத்தத்துக்கே நல்ல பிடி. கூடாதது என்னவென்றால், உள்ளே போன கிரவல் புழுதியும் வெள்ளத் தண்ணீரும் சுலபத்தில் வெளியே வராது. (அந்தப் புழுதியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் (ஷூவின் உராய்வுப் பட்டைகளில்) அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். நனைத்துத் துடையுங்கள். உங்கள் சுவாசப்பைக்காகச் சொல்கிறேன்.)

சரி, பின் பிரேக்கையும் முன்னுக்குச் சமனாக வைத்தால் என்ன? இலேசாகிப்போன பின் சில்லு முதலில் இறுகி நிற்கும். இறுகிய சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை. முன் சில்லு இறுகினால் ஸ்ரேரிங் கேட்காது, ஆனால் வாகனம் நேரே போகும். பிரேக்கைக் கொஞ்சம் விட்டால் திரும்பக் கைக்கு வரும். பின் சில்லு இறுகினால் பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். அதை மீட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, யாருக்கும் கிடைக்காது. வாகனம் செய்கிறவர்கள் முன்னுக்குக் கூடவும் பின்னுக்குக் குறையவும் பிரேக் வைப்பது இதற்காகத்தான்.

அந்த வால்வுக்கு வருகிறேன். பல வான்களிலும் பிக்கப்களிலும் அது இருக்கிறது. பாரம் ஏற்றினால் வண்டி தாழும், லீவர் மேலே போகும், வால்வு பின்னுக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டி என்றால் லீவர் கீழே, அழுத்தம் குறைவு. என் வானின் லீவரை மேலே கட்டியதும், இருபது மூட்டை நெல் ஏற்றியிருக்கிறது என்று, வான் வெறுமையாய் இருந்தபோதும் அந்த வால்வு எண்ணிக்கொண்டது. பாரத்தோடு ஓடிய நாட்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறுமையாய், மழையில் வந்தபோதுதான் தெரிந்தது.

இதன் மறுபக்கமும் வன்னியில் நிறைய நடக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றுவதற்கென்று பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகமாக ஒரு தகடு போடச் சொல்கிறார்கள். போட்டதும் பின்பக்கம் உயர்ந்துவிடும். முழுப் பாரம் ஏற்றினாலும் லீவர் மேலே வராது, பின் பிரேக் பாதியில் நிற்கும். பிறகு "பின் பிரேக் காணாது" என்று உங்களிடமே வருவார்கள். தகடு போட்ட கையோடு லீவரின் அளவையும் திருத்திக் கொடுங்கள். வால்வு இறுகியோ ஒழுகியோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அதைக் கழற்றிவிட்டு நேர்க் குழாய் போடாதீர்கள்.

வேலை முடிந்து கொடுக்கும் முன் வெறும் வண்டியை ஆளில்லாத கிரவல் வெளியில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓட்டி, சடுதியாக மிதித்துப் பாருங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சில்லு முதலில் இழுபடுகிறது என்று பார்க்கட்டும். பின் சில்லு முந்தினால் அந்த வண்டியை வீதிக்கு விடாதீர்கள். முந்தாவிட்டாலும் அதோடு எல்லாம் சரி என்று எண்ணாமல் லீவரையும் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறியும்" என்று மோட்டார் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். 1920களுக்கு முன் கார்களிலேயே பெரும்பாலும் பின் சில்லுக்கு மட்டும்தான் பிரேக் இருந்தது. அந்தக் காலத்துப் பயம்போல இருக்கிறது இது. மணலிலும் திருப்பத்திலும் கவனம் வேண்டும், உண்மை. ஆனால் நேரான தார் வீதியில் முன் பிரேக்கை மெல்ல மெல்ல இறுக்கப் பழகாத பிள்ளை, மாடு குறுக்கே வந்தால் பாதிப் பிரேக்கும் இல்லாமல்தான் போகும். உங்களிடம் மோட்டார் சைக்கிள் திருத்த வரும் இளம் பொடியளுக்கு இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், கராஜில் சொன்னால் கேட்பார்கள்.

என்னைப்போல ஒருவர் வந்து "பின் பிரேக்கைக் கூட்டிவிடு" என்று கேட்டால், ஸ்பனரை எடுக்க முன் வண்டிக்குக் கீழே குனிந்து அந்த லீவரை ஒருதரம் பாருங்கள். அவருக்கும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு வான் சாரதி,
கிளிநொச்சி