நாய்க்குட்டியைப் பட்டினி போட்டு உலர் தீவனத்துக்குப் பழக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளின் ஆசைக்காக நாய்க்குட்டி வாங்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் பெருகியிருக்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நாட்டு இனமானாலும், லேப்ரடார், பொமரேனியன் என்று வெளிநாட்டு இனமானாலும், குட்டி வீட்டுக்கு வந்த சில நாள்களிலேயே கால்நடை மருந்தகத்தில் ஒரே முறையீடுதான் கேட்கிறது. விலை கொடுத்து வாங்கிய உலர் தீவனத்தைக் குட்டி மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறது, பாலும் பிஸ்கட்டும் வைத்தால்தான் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது என்கிறார்கள். இதற்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனையும் ஒன்றே: "இரண்டு நாள் எதுவும் வைக்காதீர்கள், பசித்தால் தானாகத் தின்னும்." கால்நடைத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த யோசனை குட்டியின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு மாதம்கூட நிறையாத குட்டியின் உடலில் சேமிப்பு என்று சொல்லும்படியாக ஒன்றும் இருப்பதில்லை. அதன் கல்லீரல் சர்க்கரையைச் சிறிதளவே சேர்த்துவைக்க முடியும் என்பதால், சில வேளைகள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே இரத்தத்தில் சர்க்கரை அளவு சரிந்து, குட்டி தள்ளாடும், நடுங்கும், துவண்டு படுத்துவிடும். சில நேரங்களில் வலிப்பும் வந்துவிடும். பொமரேனியன், சிட்சூ போன்ற சிறிய இனங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அப்படித் துவண்ட குட்டியின் ஈறில் சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தடவிவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே தவிர, வாயைப் பிளந்து எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

குட்டி ஏன் மறுக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்குக் காரணம் அடம் அல்ல. நம்மிடம் விற்கப்படும் குட்டிகளில் பல, தாயிடமிருந்து 30, 35 நாள்களிலேயே பிரிக்கப்பட்டவை. அந்த வயதில் தாய்ப்பாலிலிருந்து கெட்டி உணவுக்கு மாறும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். குட்டிக்குப் பால் பற்கள் மூன்றாவது வாரம் முதல் முளைக்கத் தொடங்கி, ஏறத்தாழ எட்டாவது வாரத்தில்தான் மேலும் கீழுமாக 28 பற்களும் நிறைகின்றன. கடைவாயில் பல்லே இல்லாத குட்டியின் முன்னால் கல் போன்ற உருண்டைகளைக் கொட்டினால் அது எதைக் கொண்டு கடிக்கும்? குட்டி வாங்குவோர் அதன் உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாலே, "இரண்டு மாதக் குட்டி" என்று விற்பவர் சொல்வது உண்மையா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் சொல்கின்றன. அந்த விதி ஏட்டில் மட்டும் இருப்பதன் விளைவைத்தான் நாம் தீவனத் தட்டின் முன்னால் பார்க்கிறோம்.

பசும்பால் இதற்கு மாற்று அல்ல. தாய் நாயின் பாலில் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பும் புரதமும் உண்டு. பால் சர்க்கரையோ அதைவிடக் குறைவு. ஆகவே பசும்பாலை வயிறு முட்டக் குடிக்கும் குட்டிக்கு ஒருபுறம் கழிச்சல், மறுபுறம் போதாத ஊட்டம். மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட் வயிற்றை நிரப்பிவிடுவதால், அடுத்த வேளை தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவும் அதற்குத் தோன்றாது.

செய்ய வேண்டியது கடினமான வேலையல்ல, பொறுமை வேண்டிய வேலை. குட்டிகளுக்கென்றே தயாரித்த தீவனத்தில் ஒரு பங்கு எடுத்து, அதன்மேல் இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே மூடிவைக்க வேண்டும். கொதிநீர் கூடாது. உருண்டைகள் உப்பிப் பெருத்து, விரலால் நசுக்கும்போது நடுவில் கெட்டியான பகுதி சிறிதும் தட்டுப்படாமல் மசிந்தால் அது பக்குவம். பிசைந்து கூழாக்கி, ஆழமான கிண்ணத்தில் அல்லாமல் விளிம்பு தாழ்ந்த தட்டில் பரப்பி வைத்தால், மூக்கு முங்கித் தும்மாமல் குட்டி நக்கத் தொடங்கும். தொடங்காவிட்டால் விரல் நுனியில் சிறிது எடுத்து உதட்டில் தடவலாம். வெதுவெதுப்பில் தீவனத்தின் மணம் எழும்புவதுதான் இதில் பாதி வேலையைச் செய்கிறது. நாய்க்கு நாக்கைவிட மூக்கே பெரிது. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் சாற்றை இரண்டு கரண்டி ஊற்றலாம். குழம்பில் பிசைந்து வைப்பது மட்டும் வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அதன்பின் சில நாள்களுக்கு ஒருமுறை நீரைக் குறைத்துக்கொண்டே வந்து, கூழைக் களியாக்கி, களியை வெறுமே நனைந்த உருண்டையாக்கி, அதன்மேல் சில உலர்ந்த உருண்டைகளைத் தூவிப் பழக்கினால், இரண்டு, மூன்று வாரங்களில் குட்டி உலர் தீவனத்தை மொறுமொறுவென்று கடித்துத் தின்னும். நாளொன்றுக்கு நான்கு வேளை வைத்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நம் வெயிலில் ஊறிய தீவனம் விரைவில் புளித்துவிடும். உலர் தீவனத்தில் ஈரம் பத்து விழுக்காடு அளவே இருப்பதால், பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். முன்பு தின்றுகொண்டிருந்த தீவனத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவதானால், பழையதில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுவதே நல்லது. நான்காம் மாதவாக்கில் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும்போது ஈறு வலியால் குட்டி மறுபடியும் தீவனத்தை ஒதுக்கலாம். அப்போது சில நாள் மீண்டும் ஊறவைத்துக் கொடுத்தால் போதும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பல கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பாலித்தீன் பையில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நாள் கணக்கில் திறந்து கிடந்த அந்தத் தீவனத்தில் மணம் போய், கொழுப்பு காறியிருக்கும். அது குட்டிக்கானதா வளர்ந்த நாய்க்கானதா, எப்போது தயாரித்தது, எந்த எடைக்கு எவ்வளவு என்ற விவரம் எதுவும் வாங்குபவருக்குத் தெரியாது. ஏழைக் குடும்பங்கள் இப்படி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, முழுப் பையின் விலை அப்படி. சோறும் முட்டையும் கோழியும் போட்டு வளர்ப்பவர்களும் நம்மிடையே உண்டு; அவர்கள் கால்சியம் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளரும் குட்டியின் கால்கள் வளைந்துபோவதைப் பார்க்கிறோம். முழுமையான குட்டித் தீவனம் தின்னும் குட்டிக்கோ, அதிலும் பெரிய இனக் குட்டிக்கு, கூடுதலாகக் கால்சியம் டானிக் கொடுப்பது எலும்புக்குக் கேடு.

நேற்றுவரை நன்றாகத் தின்ற குட்டி திடீரென்று தின்ன மறுத்தால், அது பழக்கப் பிரச்சினை அல்ல. வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல், கழிச்சலில் இரத்தம் இவற்றில் ஏதேனும் இருந்தால் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வயிறு மட்டும் உப்பி உடம்பு மெலிந்திருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். உருண்டைப் புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும் என்பதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே குடற்புழு நீக்க மருந்து தேவைப்படுகிறது.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு என் வேண்டுகோள்கள் இவை. எட்டு வாரத்துக்கு முன் குட்டி விற்போர்மீது விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். குட்டிக்கு முதல் தடுப்பூசி போட வருவோரிடம் தரும் அட்டையின் பின்புறத்தில், தீவனத்தை ஊறவைக்கும் முறையும், எந்த அறிகுறி கண்டால் உடனே மருந்தகத்துக்கு வர வேண்டும் என்பதும் எளிய தமிழில் அச்சிடப்பட வேண்டும். தீவனப் பைகளில் உள்ள அளவு அட்டவணை தமிழிலும் இருக்குமாறு நிறுவனங்களைத் துறை கேட்டுக்கொள்ள வேண்டும்; குட்டிக்குச் சோறு வைக்கும் பொறுப்பு பல வீடுகளில் பாட்டியிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.