வீடியோ வீட்டில், பிழை வகுப்பில்

குரோம்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செல்வம்,

நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தம்பி சொன்னான். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மொபைல் ஆப் பாடத்தைப் பாதி ஆன்லைனில், பாதி நேரில் நடத்தப் போகிறேன் என்றதும், "எதை எங்கே வைப்பாய்?" என்று போனில் கேட்டாயே, இப்போது ராத்திரி பகலாக அதே யோசனைதான். நான் போர்டில் புரோகிராம் கோடு எழுத எழுத, பிள்ளைகள் அதைப் பார்த்து அடிப்பதற்கு வகுப்பு எதற்கு? அதை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். வகுப்பு நேரம் முழுக்கப் பிழைகளுக்கே என்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டனை அழுத்தினால் எண் கூடும் ஒரு சின்ன ஆப். வீட்டிலேயே எழுதி வருவார்கள். வகுப்பில், "பதினேழு வரை அழுத்து, இப்போது போனைப் படுக்கையாகத் திருப்பு" என்பேன். எண் பூஜ்யமாகிவிடும். திரை திரும்பியதும் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் அந்தத் திரையை, அழித்துவிட்டு, அதை உருவாக்கும் ஆன்கிரியேட் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அதில் வைத்திருந்த எண்ணும் கூடவே போய்விடுகிறது. திரை திரும்பினாலும் அழியாத வியூமாடலில் எண்ணை வை என்று முதலிலேயே சொன்னால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். பதினேழு கண்ணெதிரே காணாமல் போனால், "ஏன் சார்?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி எழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளுக்கே குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். எங்கள் லேபில் இருப்பதும் அவ்வளவுதான், கணினிக்குள்ளேயே போன் போல ஓடும் எமுலேட்டரையும் திறந்தால் திணறுகிறது. அதனால் எல்லோரும் சொந்த போனிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். போன் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி, ஆப்பைச் சோதிக்க உதவும் டெவலப்பர் ஆப்ஷனைத் திறப்பது முதல் நாள் பாடம். ஆப்பைக் கட்டத் தேவையான கோப்புகளைக் கொண்டுவரும் முதல் கிரேடில் சிங்க் நூற்றுக்கணக்கான எம்பியை இறக்கும். அதையும் அன்றைக்கே கல்லூரி நெட்டில் முடித்துவிட வேண்டும். பிள்ளைகளின் டேட்டா அதில் கரையக்கூடாது.

செங்கல்பட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ரயிலில் நின்றுகொண்டே வருகிறவர்கள் நிறைய. ஒரு கையில் பிடித்த போனில் கோடு என்ன தெரியும்? ரயிலில் கேட்பதற்குக் கருத்தை மட்டும் பேசும் சின்னச் சின்ன ஆடியோ, தமிழில். கோடு வரும் வீடியோ தனி. லேப்டாப் இல்லாதவர்களுக்காகச் சாயங்காலம் லேபைத் திறந்து வைக்கக் கேட்டிருக்கிறேன்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே கோடில் ஆப் எழுத உதவும் பிளட்டரை வைக்கலாமே என்கிறார்கள் சிலர். 2019 முதல் கூகுளே ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியைத்தான் முன்னிறுத்துகிறது; நானும் அதோடு நிற்கிறேன்.

மதிப்பெண் விஷயம்தான் இன்னும் இழுக்கிறது. ஏஐயிடம் கேட்டு எழுதி வரட்டும், தடுக்கப் போவதில்லை. ஆனால் நான் சொல்லும் ஒரு மாற்றத்தை அங்கேயே உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். பாதி மதிப்பெண் அதற்கு என்று வைக்க நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அப்புறம், முதல் யூனிட்டை மெயிலில் அனுப்புகிறேன். பாலிடெக்னிக்கில் இத்தனை வருடம் பாடம் எடுத்தவன் நீ. டிப்ளமா முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் வருடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு எந்த இடம் இடிக்கும் என்று குறித்து அனுப்பு. ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் வேண்டும்.

அன்புடன்,
குமார்