சலங்கையை யாருக்கும் கொடுத்துவிடாதே

அன்புள்ள குள்ளீ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். முட்டிவலியில் தரையில் உட்கார முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கடிதம் வராது. இனி சம்மணமே போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டியை மடக்கி அரைமண்டியில் அசையாமல் நின்றவளுக்கு வந்த வாழ்வைப் பார்!

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். பத்து வருஷம் பரதம் கற்ற உன் பெண் அரங்கேற்றம் முடிந்த கையோடு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போனாள், இப்போது சீரியலில் வில்லிக்கு நாத்தனார், "அத்தனையும் வீணாப் போச்சு" என்கிறாய். படித்ததும் எனக்கு ஒரு காலை இழந்தும் ஆடிய நடிகை சுதா சந்திரன் நினைவுதான் வந்தது.

அவர் கதையில் அவரே நடித்த 'மயூரி' படம் பார்த்துவிட்டு வந்த அன்று நாம் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? உன் வலது பாதத்தில் ஒரு பலகையைத் துண்டால் கட்டிக்கொண்டு தட்டடவு போட்டுப் பார்த்தாய். நாலு தட்டுக்குள் விழுந்து, என்னையும் சேர்த்து இழுத்துவிட்டாய். அப்போது சிரித்தோம். இப்போது முட்டி மடங்காத நாளில் யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

சுதா மும்பையில் வளர்ந்த பெண். 1981 மே மாதம் திருச்சிப் பக்கம் போன பஸ் விபத்தில் சிக்கியது. காலில் பட்ட காயத்துக்கு மாவுக்கட்டு போட்டார்கள். உள்ளே அழுகிப்போய், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நம் வயதுதானே அவருக்கும், அப்போது பதினைந்து, பதினாறு இருக்கும்.

அவர் போட்டுக்கொண்ட ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் பற்றி நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். டாக்டர் பி.கே. சேத்தியும், ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. அதற்காகச் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்ததும் அதே 1981இல்தான். வெளிநாட்டுச் செயற்கைக் கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தவை, கணுக்கால் மடங்காது. இது ரப்பர் பாதம். குந்தி உட்காரலாம், சம்மணம் போடலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். நாட்டியத்தை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை. ஆனால் கணுக்கால் வளையாமல் அரைமண்டி ஏது? விவசாயிக்காகச் செய்த கால் ஆடுகிறவளுக்கும் பொருந்திவிட்டது.

பொருந்தியது என்று சுலபமாக எழுதிவிட்டேன். ரப்பருக்குத் தரை தெரியாதே! தட்டும்போது உள்ளங்காலில் சுர்ரென்று ஏறுமே, அது இல்லாமல் தாளத்தை எதைக் கொண்டு பிடிப்பது? வெட்டிய இடம் புண்ணாகி ரத்தம் வர வரப் பயிற்சி செய்திருக்கிறார். 1984 ஜனவரி 28, மும்பையில் மறுபடி மேடையேறினார். அதற்குப் பிறகுதான் ராமோஜி ராவ் தயாரிப்பில், சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் 'மயூரி', தேசிய விருதில் நடுவர்களின் சிறப்பு விருது எல்லாம். 1986இல் இந்தியிலும் அவரே நடித்தார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. எனக்கு 'மயூரி'யைவிட அவருடைய சீரியல் வில்லி ரமோலா சிகந்த்தான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது. 'மயூரி'யில் அவர் அவராகவே வந்தார். தியேட்டரே அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, நாம் உட்பட. 2001இல் தொடங்கிய இந்தி சீரியல் 'கஹின் கிஸி ரோஸ்'ஸில் ரமோலாவாக வந்தபோது ஜனங்கள் பார்த்தது நெற்றியை. என்ன மாதிரி பொட்டுகள்! 2013இல் அவர் மாமியாராக நடித்த விஜய் டிவி 'தெய்வம் தந்த வீடு' வந்தபோது என் மாமியார் தினமும் டிவியைப் பார்த்துத் திட்டுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அத்தை, அவங்களுக்கு ஒரு கால் செயற்கைக் கால், தெரியுமா?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கால் எப்படி இருந்தா எனக்கென்ன, மருமகளை இந்தப் பாடு படுத்தறாளே!" என்றார். இதைவிட நல்ல விமர்சனத்தை எந்தப் பத்திரிகைக்காரர் எழுதியிருப்பார், சொல்லு.

நாட்டியம் எங்கே போயிற்று என்று கேட்பாய். கண்ணுக்குப் போயிற்று. ஒரு வசனத்துக்கு மூன்று முறை முகத்துக்கருகே ஓடி வருகிறதே சீரியல் கேமரா, அதற்கு ஈடு கொடுக்க நவரசம் பழகியவரால்தான் முடியும். நாம் எல்லாவற்றையும் கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரித்தானே செய்தோம்! உன் பெண்ணுக்கு விளம்பரத்தில் கஷ்டமாக இருந்ததும் அதனால்தான். "முகத்தைச் சும்மா வைம்மா" என்று போட்டோகிராபர் சொல்லிக்கொண்டே இருந்தார், அழுகை வந்தது என்று எழுதியிருந்தாயே. அங்கே அடக்கச் சொன்னதை சீரியலில் அவிழ்த்துவிடச் சொல்கிறார்கள். ஆனால் மணிக்கணக்காகப் பட்டுப்புடவையில் ஒரே வாக்கில் முதுகு கோணாமல் நின்றாளே, அது யார் கொடுத்தது?

பெருமையாகவே எழுதிக்கொண்டு போகிறேன், வேறு பக்கமும் உண்டு. 2021 அக்டோபரில் சுதா ஒரு வீடியோ போட்டிருந்தார். ஒவ்வொரு தடவை விமான நிலையத்திலும் சோதனையில் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், கருவியால் சோதித்துக்கொள்ளுங்கள் என்றாலும் கேட்பதில்லை என்று பிரதமருக்கே முறையிட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. மேடையேறி முப்பத்தேழு வருஷம் கழித்து! அந்த முகத்தை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை, அதில் அபிநயம் இல்லை.

சலங்கையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அது உன் சலங்கை இல்லையடி, அவளுடையது. அவளைக் கேள். ஷூட்டிங் முடிந்து வருகிற ராத்திரியில் கேட்காதே, தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லிவிடுவாள்.

அப்புறம், அவள் சீரியல் எத்தனை மணிக்கு என்று எழுதவே இல்லை. மாமியார் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்.

அன்புடன்,
உன் ஒட்டடைக்குச்சி