பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். சுருக்கமா முடிங்கன்னு தலைவர் முன்னாடியே சொல்லிட்டாங்க, முயற்சி பண்றேன்.

கூட்டங்கள் வழக்கம்போல நடந்துச்சு, மினிட்ஸ் புக் இங்கயே இருக்கு, வேணும்ங்கறவங்க பாத்துக்கலாம். வருஷத்துல முக்கால்வாசி நேரம் ஒரே விஷயத்துக்குத்தான் போச்சு, ஸ்கூல்ல மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற ஸ்பெஷல் டீச்சர் பத்தல.

பத்தலன்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணுக்கு பார்வை கிடையாது. ஸ்பெஷல் டீச்சர் போனப்புறம் கிளாஸ் டீச்சரே பாத்துக்கிட்டாங்க, நல்லவங்கதான், ஆனா ஒரு நாள் "எல்லாத்தையும் தலைகீழா எழுதுறா"ன்னு டைரில எழுதி அனுப்பிட்டாங்க. பிரெய்ல்ங்கறது தொட்டுப் படிக்கற புள்ளி எழுத்து, அதுக்கான ஸ்லேட்ல பேப்பரை வச்சு ஸ்டைலஸ்ங்கற கூர்முனைக் குச்சியால குத்தும்போது வலமிருந்து இடமாதான் போகணும், பேப்பரைத் திருப்பினாதான் புள்ளி மேல வரும், இடமிருந்து வலமா படிக்கலாம். குழந்தை சரியாதான் எழுதியிருக்கு. டீச்சரை என்ன சொல்றது, அவங்களுக்கு யாரும் இத சொல்லித் தரலயே.

அதிகாரிகளுக்கு மனு குடுத்தோம். 2006ல வந்த ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 24வது பிரிவையும் சேர்த்து வச்சோம், சைகை மொழியோ பிரெய்லோ தெரிஞ்ச டீச்சர்களை வேலைக்கு எடுக்கணும், மாற்றுத்திறனாளி டீச்சர்களையும் எடுக்கணும்னு அதுல தெளிவாவே இருக்கு. 1994லயே ஸ்பெயின்ல இருக்கற சலமன்கால 92 அரசாங்கம் கூடி எல்லா குழந்தைங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கணும்னு பேசியாச்சு. பதில் என்னமோ "பரிசீலனையில் உள்ளது"தான்.

ஆள் எடுத்தா மட்டும் தீராதுங்க, இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். வேலையை விட்டுப் போன டீச்சர்கள் சிலர்கிட்ட பேசினோம். சம்பளம் ஒரு காரணம், கான்ட்ராக்ட் இன்னொரு காரணம், ஆனா எல்லாரும் சொன்னது வேற. யாராவது லீவு போட்டா அந்த கிளாஸுக்கு இவங்களத்தான் அனுப்புறாங்க, அன்னிக்கு இவங்ககிட்ட வர வேண்டிய பிள்ளைக்கு பாடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி, அதாவது அந்தப் பிள்ளைக்குன்னு தனியா ஒரு கல்வித் திட்டம் எழுதணும், மீட்டிங் போடணும், ரிப்போர்ட் அனுப்பணும், அதெல்லாம் வீட்ல ராத்திரி உக்காந்து செய்ற வேலை. இப்படி இருந்தா ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துற கதைதான்.

அதனால ஸ்கூல்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டோம், லீவு கிளாஸுக்கு இவங்கள அனுப்பாதீங்க, பேப்பர் வேலைக்கு ஆபீஸ்ல ஒரு ஆள் குடுங்கன்னு. முதல் விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. ஒரு டெர்ம் தாண்டி நிக்குதான்னு பாக்கணும்.

எல்லா டீச்சருக்கும் ஒரு வாரம் ட்ரெயினிங் குடுத்தா போதும்னு கமிட்டிலயே சிலர் சொன்னாங்க. குடுக்கட்டும், நல்லதுதான், ஆனா அதையே காரணமா காட்டி காலி போஸ்ட்டை மூடிடுவாங்கன்னு எனக்கு பயம். ஸ்பீச் தெரபி ஆன்லைன்ல வச்சுப் பாத்தோம், பெரிய பிள்ளைங்களுக்கு ஓரளவு ஓடிச்சு, ஒரு இடத்துல உக்கார முடியாத சின்னதுங்களுக்கு சரிப்பட்டு வரல.

வர்ற வருஷத்துக்கு என்னோட யோசனை: பல வருஷமா உதவியாளரா இருக்கறவங்களுக்கு பிள்ளைங்களயும் தெரியும் ஸ்கூலயும் தெரியும், அவங்க வேலையை விடாமலே ஸ்பெஷல் எஜுகேஷன் படிச்சு டீச்சர் ஆகறதுக்கு சங்கம் ஃபீஸ்ல ஒரு பங்கு குடுக்கலாம். இன்னிக்கு ஓட்டுக்கு விடறேன், அதுக்கு முன்னாடி பொருளாளர் கணக்கு வாசிப்பாங்க.