மாடி ஸ்டோர் ரூமுக்குக் குழாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். மாடி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணியாச்சு. பழைய டிரங்குப் பெட்டி, கொலுப் படி எல்லாம் கீழே வந்துடுச்சு. அந்த இடத்துலதான் வாஷிங் மெஷினுக்குக் குழாய் இழுக்கறோம். போட்டோ அனுப்பினேனே, நீ பாத்துட்டேன்னு நீலக் கோடு காட்டுது, பதில்தான் இல்லை. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வீடு கட்டிக் குடுக்கற இஞ்சினியர் நீ. அம்மா வீட்டுக் குழாய்க்கு ரெண்டு வரி எழுத நேரமில்லையா? சரி, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

பிளம்பர் தம்பி நல்லா வேலை தெரிஞ்சவன், ஆனா அவசரம். தரையில ஓட்டை போட்டு நேரா கீழே இறக்கிடலாம்னான். கீழே பூஜை ரூம். அழுக்குத் தண்ணி சாமி தலைக்கு மேல இறங்கறதான்னு நிறுத்திட்டேன். அப்புறம் மழைத்தண்ணிக் குழாய்ல சேத்துடலாம்னான். ஐப்பசி கார்த்திகையில மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் அதுலதான் இறங்குது. கடலூர் மழைக்கு அது நிறைஞ்சு நின்னா, எதிர்த்துக்கிட்டு ரூமுக்குள்ளதான் வரும். அதுக்கும் ஒத்துக்கலை. இப்போ கிழக்குச் சுவரைத் துளைச்சு ரெண்டு இஞ்ச் பைப் தனியா வெளியே இறங்குது. அடிக்குக் காலிஞ்ச் சரிவு. ரசமட்டத்துல குமிழி கோட்டைத் தாண்டி ஒதுங்கி நின்னதை நானே குனிஞ்சு பாத்துட்டுத்தான் கிளாம்ப் அடிக்க விட்டேன். நீ இருந்தா நீயும் அப்படித்தான் பாத்திருப்ப.

கஷ்டமே தண்ணி வேகம்தான். டேங்க் மொட்டை மாடியில தளத்து மேலயே உக்காந்திருக்கு. கீழே இருக்கற மெஷினுக்கு அது போதும், மாடிக்குப் போதாது. டேங்குக்கும் குழாய்க்கும் பத்தடி உயரம் இருந்தாத்தான் 0.3 பார் அழுத்தம் கிடைக்குமாம், முன்னால கதவு வெச்ச மெஷின் பலதும் அதைத்தான் கேக்குது. நமக்கு ஆறடிதான் தேறுது. அதனால டேங்கை நாலடி தூக்கறோம். ஆயிரம் லிட்டர்னா ஒரு டன் பாரம், அதனால கொத்தனார் தூணை பீம் மேலயே வர்ற மாதிரிதான் கட்டறார். அப்பாவுக்கு இதுல பயம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல்ல டேங்க் போன கதை உனக்கே தெரியும். அதனால இரும்புப் பட்டை போட்டு நாலு பக்கமும் போல்ட் முறுக்கச் சொல்லியிருக்கேன். புயல் சொன்னா டேங்கை நிரப்பி வைக்கணும், காலியா விட்டாத்தான் காத்து தூக்கும்.

இவ்வளவு செலவு எதுக்கு, குடியிருக்க வர்றவங்க பாத்துக்குவாங்கன்னு அப்பா சொல்றார். முன்னே இருந்தவங்க காலி பண்ணினதுலேர்ந்து ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. வாடகைக்கு விடறதில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். மாடிக்குத் தனிப் படி இருக்கு, தனி கேஸ் இருக்கு. துணி துவைக்க மட்டும் கீழே பின்கட்டுக்கு வர வேண்டியிருந்தது. அங்கதான் அத்தையும் எதிர்வீட்டு அம்மாவும் உக்காந்து பேசுவாங்க. யாரு எப்ப வந்தா, எத்தனை நாள் இருப்பான்னு அவங்க கேக்காம விடமாட்டாங்க. இனிமே அதுக்கும் இறங்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. போன் அடிச்சா எடு, எடுக்க முடியலைன்னா அப்புறமாவது கூப்பிடு. பொங்கலுக்கு வந்தப்போ உன் சர்டிபிகேட் ஃபைலை பீரோவுல என் புடவைக்கு அடியில வெச்சுட்டுப் போயிருக்க. பத்தாவது மார்க் ஷீட்லேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழக டிகிரி வரைக்கும் எல்லாம் இருக்கு. மாப்பிள்ளைக்குத் தெரியுமான்னு நான் கேக்கலை. அப்பாகிட்டயும் சொல்லலை. கரையான் வராம பாலிதீன் கவர்ல போட்டு வெச்சிருக்கேன். அந்த டிகிரிக்காக நீ சிதம்பரத்துக்கு பஸ்ல போய் வந்தது எனக்குத் தெரியும் பாப்பா. அது உன்னுது. அதை யாரும் உன்கிட்டேர்ந்து எடுக்க முடியாது.

தரைக்கு வாட்டர் புரூஃப் பண்ணி, வாசல்ல ரெண்டு இஞ்ச் கட்டை கட்டி, ரெண்டு நாள் தண்ணி தேக்கி வெச்சுப் பாத்துட்டுத்தான் டைல்ஸ். 16 ஆம்பியர் பிளக், எர்த், ஷாக் அடிச்சா கட் ஆகற சுவிட்ச் எல்லாம் சொல்லியாச்சு. துவைச்சு முடிச்சா குழாயை மூடிடணும், ஹோஸ் பிச்சுக்கிட்டா வீடு குளமாயிடும். கழிவுக் குழாய் வளைவுல, அதான் ட்ராப்புல, எப்பவும் தண்ணி நிக்கணும். ஆள் புழங்காம விட்டா வத்தி, சாக்கடை வாடை மேலே வந்துடும். அதனால மெஷின் வந்ததும் ஓடிக்கிட்டே இருக்கணும். குழாயை மூட மறக்காதே.

எந்த மெஷின்னு மட்டும் நீ சொல்லணும். மேல் மூடி வெச்சதா, முன்னால கதவு வெச்சதா? வியாழக்கிழமை பிளம்பர் வர்றான், அதுக்குள்ள சொல்லு. சொல்ல முடியலைன்னாலும் பரவாயில்லை, ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி வைக்கச் சொல்லிடறேன். நீ வர்றதுக்கு நாள் கிழமை பாக்க வேண்டாம், போன் பண்ணிக் கேக்கவும் வேண்டாம். ராத்திரி பஸ்ல வந்தா அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவார்.

அன்புடன்,
அம்மா