அத்திப்பள்ளியைத் தாண்டினால்

ஐயா,

ஓசூர் மாணவர்களுக்குச் சென்னையைவிட பெங்களூரு பக்கம், 40 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுச் சாப்பாடு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் அந்தப் பக்கம் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குத் தமிழக அரசு தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டாது. தமிழ்நாட்டிலேயே கூட, அரசுக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவருக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதை விட்டுவிட்டு, கர்நாடகத் தனியார் கல்லூரியில் காமெட்-கே (அங்குள்ள தனியார் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) வழியாகவோ நிர்வாக ஒதுக்கீட்டிலோ சேர்ப்பவர்கள் நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அட்மிஷன் ஏஜெண்டுகள் (கமிஷன் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ!) முதல் வருடக் கட்டணத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். லேப், பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் பிறகு வரும்.

விரும்பிய பாடப்பிரிவு இங்கே கிடைக்காதவர்கள் தாராளமாகப் போகட்டும். கலந்தாய்வில் அதே பிரிவு கிடைக்கும் கட்-ஆஃப் வைத்திருப்பவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்? கலந்தாய்வு விருப்பப் பட்டியல் பதிவுக்கு முன்பே எல்லையோரப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி இந்தக் கணக்கைக் கல்வித் துறை விளக்க வேண்டும்.

- ஒரு வாசகர், ஓசூர்