சொளகும் ஃபேன் சுவிட்சும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுறது.

லீவுக்கு இங்க வந்த உன் பிள்ளைக ரெண்டும் சௌக்கியம். நேத்து கடலை உருண்டை பிடிச்சோம். போன்ல சொன்னா "மீட்டிங்மா"ன்னு பாதியில வச்சிருவே, அதான் எழுதுறேன்.

கால் கிலோ கடலையை இரும்புச் சட்டியில நான்தான் வறுத்தேன். ஆறினதும் தோலைத் தேய்ச்சு எடுங்கன்னு விட்டேன். பாப்பா சொளகைத் தூக்கிப் புடைக்கிறேன்னு பாதியைத் தரையில சிந்திட்டா. சின்னவன் ஊதிப் பார்த்தான். முடியலைன்னதும் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டுட்டான். அவ்வளவுதான், வீடு பூரா செவத்தத் தோலு. உங்கப்பா பேப்பர், என் கொண்டை, சாமி படம் வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

பாகு வைக்கலை. போன வாரம் வச்சு, தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பார்க்காம பதம் தப்பவிட்டேன், கல்லாட்டம் ஆயிருச்சு. கொதிக்கிற பாகு பக்கத்துல பிள்ளைகளை விடவும் பயம். சின்னவனுக்கு மூணு வயசுதானே, முழுக்கடலை மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கிரும். அதனால கடலையை நைசாப் பொடிச்சு, 150 கிராம் மண்டவெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காயோட உரல்ல இடிச்சேன். இடிக்க இடிக்கக் கடலை எண்ணெய் விட்டு, தானா உருட்ட வந்துரும். நெய்யே வேண்டாம். வெல்லம் மட்டும் மஞ்சளாப் பளிச்சுன்னு இருக்கிறதை வாங்கிராதே, வெளுக்க மருந்து போட்டிருப்பான். நான் கீழமாசி வீதியில கருத்ததாப் பார்த்து வாங்கினேன்.

உருட்டினது முழுக்க அவங்கதான். ஒண்ணு நெல்லிக்காய் அளவு, ஒண்ணு கொட்டைப்பாக்கு அளவு. கடலையை வாயில வச்சாலே துப்புற பய, தான் உருட்டினதுன்னு மூணு தின்னான்.

எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. இருபது வருசம் அங்கன்வாடியில ஊர்ப் பிள்ளைகளை வட்டமா உட்கார வச்சு சத்துமாவு உருட்டச் சொல்லிக் கொடுத்தவ நான். நீ அடுப்படிப் பக்கம் வந்தா மட்டும், "ஆம்பளப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை, போய்ப் படி"ன்னு கரண்டியை ஓங்கினேன். இன்னைக்கு உன் வீட்டு அலமாரி பூரா பாக்கெட்டா இருக்குன்னா, மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாயேது? அவளும் உன்னாட்டம் இருட்டினப்புறம்தானே வீட்டுக்கு வர்றா.

லீவு முடிஞ்சு இவங்க அங்க வந்ததும் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நீ உட்காரு தம்பி. கேழ்வரகு மாவை வாசம் வர வறுத்து, வறுத்த எள்ளும் பொடிச்ச கருப்பட்டியும் சேர்த்து, சூடா ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு ஆறவச்சுக் கொடு, மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், பால்ல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்குக்கும் கூட. இதைத் தாய்மார்கிட்டச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வத்திருச்சு.

சித்தப்பா திங்கக்கிழமை வைகையில மெட்ராஸ் வர்றார், உருண்டை கொடுத்துவிடறேன். மேலாப்புல நசுங்கிக் கெடக்கிறது சின்னவன் பிடிச்சது, "அப்பாவுக்கு"ன்னு அவனே வச்சான். வண்டியில சித்தப்பா கை வச்சிராம இருக்கத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன். சம்படம் என் கல்யாணத்துக்கு வந்தது, மறக்காமத் திருப்பிக் கொடுத்துவிடு.

அம்மா